'ஆல் பாஸ் செட்' என்று ஊர் சொல்வது சரியா? 2022-ல் பிளஸ் டூ முடித்தவர்களின் பள்ளிக்காலம்

கேள்வி இதுதான். 2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ முடித்த ஒரு வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு முதல் தாங்கள் கண்டதை ஒரு சிறு மலராகத் தொகுக்க நினைக்கிறது. ஊரில் இன்றைக்கும் அவர்களை 'ஆல் பாஸ் செட்', அதாவது தேர்வு எழுதாமலே எல்லோரும் பாஸ் ஆனவர்கள், என்றுதான் சொல்கிறார்களாம். அந்தப் பெயர் நியாயமா, அந்த வருடங்களில் வரிசையாக என்னதான் நடந்தது, மலரில் எதை எழுதலாம் என்று கேட்கிறார்கள்.

நான் அப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவன். உங்கள் செட்டை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வராந்தாவில் பார்த்தவன். அந்தப் பெயர் உங்களுக்குப் பொருந்தாது.

ஊர் இங்கே இரண்டு செட்டை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. உங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர்கள், அதாவது 2021-ல் பிளஸ் டூ முடித்தவர்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2019-லேயே எழுதிவிட்டார்கள். பிளஸ் ஒன் தேர்விலும் கடைசி நாள் தாள் தவிர மற்றவற்றை 2020 மார்ச்சில் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு நடக்காமல் போனது பிளஸ் டூ தேர்வு. 2021 ஜூன் 5 அன்று அதை ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்குப் போட்டு ஜூலை 19-ல் மதிப்பெண் வந்தது. நீங்கள் இதற்கு நேர்மாறு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவில்லை, பிளஸ் ஒன் தேர்வும் எழுதவில்லை. பொதுத்தேர்வுக் கூடத்துக்குள் நீங்கள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்ததே பிளஸ் டூ தேர்வுக்குத்தான். உங்களுக்கு முன் 2019, 2020-ல் பிளஸ் டூ எழுதியவர்கள் பத்தாவதில் ஒரு முறை நடுங்கி, பிளஸ் ஒன்னில் ஒரு முறை பழகி, பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தார்கள். உங்களுக்கு ஒத்திகையே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மலரின் முதுகெலும்பு அதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம். மேல்நிலைப் படிப்பு இரண்டு வருடம் என்று சான்றிதழ் சொல்கிறது. நீங்கள் வகுப்பறையில் உட்கார்ந்த காலத்தைக் கூட்டினால் ஏழெட்டு மாதம் தேறும். பிளஸ் ஒன் என்கிற ஒரு வருடம் நடுவிலிருந்து உருவிப் போய்விட்டது. உங்களைப் பற்றி ஊர் சொல்கிற குறை, உங்களுக்கே உள்ளே இருக்கிற தயக்கம், பிளஸ் டூ நண்பர்கள் மீது இருக்கிற அளவுக்கு மீறிய பாசம் எல்லாவற்றுக்கும் வேர் அந்த இடத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்பதாம் வகுப்பு, 2018–19. புதிய பாடத்திட்டம் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்த முதல் வருடம் அது. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வடிவமைத்த பாடத்திட்டம். வண்ணப் படங்கள், பக்க ஓரத்தில் கியூஆர் கோடு. அந்தக் கோடை ஸ்கேன் செய்து காணொளி பார்க்கலாம் என்று வகுப்பில் சொன்னபோது பாதிப் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. இரண்டே வருடத்தில் அது இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை என்று ஆகப்போவது யாருக்கும் தெரியாது. நவம்பர் 16 விடியலில் கஜா புயல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பள்ளிகள் முகாம்களாயின. நம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு சேர்த்து வருமானத்தையும் இழந்தார்கள். இதை டெல்டாவுக்கு வெளியே படித்தவர்கள் உணர மாட்டார்கள்: உங்களுக்குப் பேரிடர் என்பது கொரோனாவில் தொடங்கவில்லை. அடுத்த ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம், 22-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி வரை. அதில் நானும் இருந்தேன். அது சரியா தவறா என்று இங்கே வாதிடப் போவதில்லை. உங்கள் நினைவில் அது 'வாத்தியார் வராத வாரம்' என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

2019–20-ல் புதிய பாடத்திட்டம் பத்தாம் வகுப்புக்கு வந்தது. மறுபடியும் நீங்களே முதல் செட். பழைய வினாத்தாள் என்று எதுவும் இல்லை. புளூபிரிண்ட் கிடையாது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஐந்து மதிப்பெண் வரும் என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை முப்பருவம். ஒரு பருவப் புத்தகத்தை முடித்தால் அதை மறந்துவிடலாம். பத்தில் முழுப் புத்தகமும் கடைசி வரை சுமக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் இரண்டு தாள்கள் என்றிருந்ததை வருட நடுவில் ஒரே தாளாக்கினார்கள். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், மெல்லக் கற்போருக்கு தனி மெட்டீரியல் என்று எல்லாம் வழக்கம்போல ஓடியது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை ஆசிரியர்கள் இறுக்கித்தான் திருத்துவோம். பப்ளிக் எக்ஸாமில் தாராளமாகப் போடுகிற இடத்தில் அரையாண்டில் அரை மதிப்பெண் கூட விட மாட்டோம். 'பயம் இருந்தால்தான் மார்ச்சில் படிப்பான்' என்பது ஆசிரியர் அறையில் எழுதப்படாத சட்டம். மாணவர்களுக்கும் இது தெரியும். அதனால் 'அரையாண்டுதானே, பப்ளிக்கில் பார்த்துக்கலாம்' என்று நல்ல பிள்ளைகளே அசட்டையாக எழுதுவார்கள். இரண்டு தரப்பும் விளையாட்டு விதி தெரிந்து ஆடிய ஆட்டம் அது.

2020-ல் அந்த விதி ஒரே நாளில் மாறியது. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய தேர்வு, ஊரடங்கால் தள்ளிப்போனது. மே மாதத்தில் ஜூன் 1 என்று அறிவித்தார்கள். அது ஜூன் 15 ஆனது. ஒரு அறைக்குப் பத்துப் பேர், முகக்கவசம், சானிடைசர் என்று ஏற்பாடுகள் நடந்தன. ஹால் டிக்கெட் வந்தது. விவகாரம் உயர்நீதிமன்றத்தில் இருந்தபோதே, ஜூன் 9-ஆம் தேதி முதல்வர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதம் என்றார்கள். ஆகஸ்ட் 10-ல் முடிவு வந்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர், நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

ஊர் சிரித்தது அந்த 'நூற்றுக்கு நூறை'ப் பார்த்துத்தான். உள்ளே நடந்தது வேறு. அரையாண்டில் 310 வாங்கி, மார்ச்சில் 420 எடுக்கத் தயாராக இருந்த பையனின் சான்றிதழில் அந்த 310-க்குப் பக்கத்தில் ஒரு எண் ஏறியது. டெங்குக் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தவளுக்கு வருகைப்பதிவிலும் அடி. சில தனியார் பள்ளிகள் பழைய தேர்வுத்தாள்களைப் புதிதாக எழுதச் சொல்கின்றன என்று புகார்கள் கிளம்பின. கல்வித்துறை விடைத்தாள்களையும் ரேங்க் கார்டுகளையும் கேட்டு வாங்கியதே அதனால்தான். நியாயமாக நடந்துகொண்ட பள்ளியின் பிள்ளைக்கு நியாயமான குறைந்த மதிப்பெண்.

இது வெறும் மனக்குறை என்று நினைக்க வேண்டாம். அஞ்சல் துறையில் கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். அந்த வரிசையில் உங்கள் செட்டின் அரையாண்டு மதிப்பெண்ணும் மற்ற வருடத்துக்காரர்களின் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிற்கின்றன. ஆகவே 'படிக்காமல் பாஸ்' என்று உங்களைச் சொல்கிறவரிடம், நீங்கள் எந்தத் தேர்வை வைத்து அளக்கப்பட்டீர்கள் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மறுபக்கத்தையும் மலரில் மறைக்கக் கூடாது. 2019-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 95.2 சதவீதம். சாதாரண வருடமாக இருந்திருந்தால் உங்களில் இருபதுக்கு ஒருவர் பத்தோடு நின்றிருப்பார். அந்த ஒருவர் பிளஸ் ஒன்னுக்கு வந்தார். கணக்கில் தோற்றிருக்கக் கூடியவன் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்து நன்றாகத் தேறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆல் பாஸ் செய்த ஒரே நல்ல காரியம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அது சின்னக் காரியமும் இல்லை.

2020 ஆகஸ்ட் 24-ல் பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பம். கட்டணம் கட்ட முடியாமல் மெட்ரிக் பள்ளியை விட்டு வந்தவர்களும் சேர்ந்ததால் வகுப்பில் தெரியாத பெயர்கள் நிறைய. பெயர்கள்தான், முகங்கள் இல்லை. வகுப்பு நடக்கவே இல்லையே. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் அரசுப் பள்ளிக்கு அது ஒரு கைத்தடியாக உதவியது. மற்றபடி வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புதல். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் 'சார், பார்த்துட்டேன்' என்று பதில் வரும். பார்த்தானா, புரிந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். முன்னெல்லாம் மேல்நிலை வகுப்புக்குக் கொடுத்துவந்த விலையில்லா மடிக்கணினியும் உங்கள் காலத்தில் வந்து சேரவில்லை. தேவைப்பட்ட ஒரே வருடத்தில் அது இல்லாமல் போனது கொடுமை.

பிளஸ் ஒன் பையன்களில் எத்தனை பேர் அந்த மாதங்களில் வேலைக்குப் போனார்கள் என்பதற்குக் கணக்கு எழுத யாரும் இல்லை. கேட்டரிங், பெயிண்டிங், செல்போன் கடை, திருப்பூர் பனியன் கம்பெனி. பெண் பிள்ளைகளில் சிலருக்குக் கல்யாணப் பேச்சு. பதினாறு வயதில் கையில் கூலி வந்த பிறகு, மறுபடியும் சீருடை போட்டு 'எக்ஸ்கியூஸ் மீ சார்' என்று வாசலில் நிற்பது லேசான காரியமில்லை. திரும்பி வந்தவர்களை ஊர் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை.

2021 பிப்ரவரி 8-ல் 9, 11 வகுப்புகள் திறந்தன. பிப்ரவரி 25-ல் சட்டப்பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் அறிவிப்பு. மார்ச் 22 முதல் மறுபடி மூடல். ஆறு வாரம். உங்கள் பிளஸ் ஒன் அவ்வளவுதான். அதிலும் அறிவிப்பு வந்த மறுநாளிலிருந்து யார் மனம் பாடத்தில் நிற்கும்?

பிளஸ் ஒன் போனதால் என்ன போனது என்று பெற்றோர் கேட்பார்கள், பிளஸ் டூ மதிப்பெண்தானே கல்லூரிக்கு வேண்டும் என்று. உண்மைதான், 2018-லேயே அப்படி முடிவாகிவிட்டது. ஆனால் என் ஆய்வகத்தில் வந்து பார்த்திருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல், ஸ்க்ரூ காஜ் இரண்டும் பிளஸ் ஒன்னில் கை பழக வேண்டியவை. பிளஸ் டூவில் நிறமாலைமானியைத் திருப்பிக் கோணம் எடுக்கும்போது வெர்னியர் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் மின்தடை எண் கண்டுபிடிக்க அதன் விட்டத்தை ஸ்க்ரூ காஜில் எடுக்க வேண்டும். உங்கள் செட்டில் நல்ல மூளையுள்ள பிள்ளைகள்கூட அந்தக் கருவியைக் கையில் வாங்கி, எங்கே பார்ப்பது என்று என்னைப் பார்த்தார்கள். கணக்கில் வகையிடல் தெரியாமல் தொகையிடல். கணக்குப்பதிவியலில் இரட்டைப் பதிவு பிடிபடாமல் கூட்டாண்மைக் கணக்கு. மாடிப்படியில் முதல் ஐந்து படியை எடுத்துவிட்டு ஆறாவதில் ஏறச் சொன்ன கதை. ஏறினீர்கள் என்பதுதான் ஆச்சரியம்.

பாடம் தவிர இன்னொன்றும் போனது. பிளஸ் ஒன் என்பது பள்ளிக்கூடத்தின் பழக்கவழக்கம் கைமாறுகிற வருடம். விளையாட்டு விழாவில் கோடு போடுவது, என்எஸ்எஸ் முகாமில் சமைப்பது, சரஸ்வதி பூஜைக்கு ஆய்வகத்தைக் கழுவுவது, எந்த வாத்தியாரிடம் எந்த நேரத்தில் அனுமதி கேட்கலாம் என்கிற சூட்சுமம். இதெல்லாம் பிளஸ் டூ அண்ணன்களைப் பார்த்துத்தான் வரும். முக்கியமாக, பிளஸ் டூவுக்குப் பிரிவு உபசார விழா நடத்துவது பிளஸ் ஒன்தான். 2021-ல் உங்கள் சீனியர்களுக்கு அப்படி ஒரு விழா நடக்கவில்லை, நீங்களும் நடத்தவில்லை. 2022-ல் உங்களுக்கு விழா எடுத்த ஜூனியர்கள் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைகள், ஒன்றும் பார்க்காத பிள்ளைகளுக்கு நடத்திய விழா. அதனால்தான் பல பள்ளிகளில் அது ஸ்பீக்கர் பாட்டும் ரீல்ஸுமாக முடிந்தது. வாத்தியார்கள் முகம் சுளித்தோம். பாட்டைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஒரு சீனியர் எழுந்து 'இந்தப் பள்ளியில் நான்...' என்று ஆரம்பித்துத் தொண்டை அடைத்து உட்காருகிற அந்தப் பழைய பகுதி காணாமல் போனதுதான் குறை.

பிளஸ் டூ வருடம் உங்களுக்கே நன்றாக நினைவிருக்கும், ஆகவே தேதிகளை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கிறேன். 2021 செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை நேரடி வகுப்பு. ஓர் அறைக்கு இருபது பேர். எண்ணிக்கை அதிகம் உள்ள பள்ளிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதனால் ஒரே வகுப்பின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. முகக்கவசம் வேறு. சாப்பாட்டு மணி அடித்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்ப்பது. நாங்களும் உங்களைக் கண்ணை வைத்தும் குரலை வைத்தும்தான் அடையாளம் கண்டோம். நவம்பரில் அடைமழை, அடுத்தடுத்து விடுமுறை. 2022 ஜனவரி 3 முதல் 15–18 வயதினருக்குத் தடுப்பூசி, பெரும்பாலும் பள்ளியிலேயே போட்டார்கள். அதே மாதம் ஒமைக்ரான், மறுபடி மூடல். பிப்ரவரி 1-ல் திறப்பு.

அரையாண்டுத் தேர்வுக்குப் பதில் இரண்டு திருப்புதல் தேர்வுகள், மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள். முதல் திருப்புதல் தேர்வின் சில வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே செல்போன்களில் சுற்றிப் பெரிய செய்தியானது. ஊர் அதையும் உங்கள் தலையில் எழுதியது. நான் கண்டது வேறு. பொதுத்தேர்வு மறுபடி ரத்தானால் இந்த மதிப்பெண்தான் எடுத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு ஓடியது. பத்தாம் வகுப்பு அரையாண்டில் சூடுபட்டவர்கள் நீங்கள். பிப்ரவரித் தேர்வை உங்கள் செட் எழுதிய தீவிரத்தோடு வேறு எந்த செட்டும் ஒரு திருப்புதல் தேர்வை எழுதி நான் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் விரல் வலித்துப் பேனாவை வைத்துவிட்டு கையை உதறினீர்கள். இரண்டு வருடமாக மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதாத கை.

ஏப்ரலில் அந்தக் காணொளிகள் வந்தன: மேசையை உடைப்பது, ஆசிரியரை மிரட்டுவது. வட மாவட்டம் ஒன்றில் நடந்ததைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்க ஓட்டின. ஒழுங்கீனமாக நடப்பவர்களின் டிசியிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணத்தை எழுதுவோம் என்று கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி மே மாதம் பேரவையில் சொல்கிற அளவுக்கு அது போனது. செய்தவர்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். உடைந்த மேசை ஏழைப் பிள்ளை உட்காரும் மேசை. ஆனால் பதினைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பி, பதினேழு வயதில் திரும்ப அழைத்து, நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் வகுப்பில் இருந்து பழகாதவர்களிடம் பழைய பணிவை எதிர்பார்த்ததில் பெரியவர்களின் கணக்கும் பிசகியிருந்தது. எட்டு லட்சம் பேரில் காணொளியில் இருந்தவர்கள் ஒரு கைப்பிடி.

பொதுத்தேர்வு மே 5 முதல் 28 வரை. அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை! பஞ்சாங்கத்தைப் பார்த்து அட்டவணை போட்டார்களோ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். பத்து மணிக்கு மணி அடித்து, வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை எழுத்து. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தவனுக்கு யோகம். முதல் நாள் மொழித்தாளுக்கு மாநிலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாடப்பகுதியைக் குறைத்திருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஜூன் 20-ல், பத்தாம் வகுப்பு முடிவும் உங்கள் முடிவும் ஒரே நாளில் வந்தபோது, தேர்ச்சி 93.76 சதவீதம். கொரோனாவுக்கு முன் தேர்வெழுதிய 2020 செட்டுக்கு 92.3. பெண்கள் 96.32, பையன்கள் 90.96. பெரம்பலூர் மாவட்டம் முதலிடம். குறைந்த பாடம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வில் இந்த எண்ணை எடுத்தவர்களை 'ஆல் பாஸ்' என்பது எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தேர்ச்சியை யாரும் அறிவிப்பாகக் கொடுக்கவில்லை, எழுதி எடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்குக் காற்று கொஞ்சம் சாதகமாக அடித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்திருந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-ல் விரிந்தது. அதில் பொறியியல் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். உங்கள் வகுப்புப் பெண்கள் முதலாம் ஆண்டிலிருந்தே வாங்கியிருப்பார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல்தான் வந்தது. கலைக் கல்லூரியில் சேர்ந்த பையனுக்கு அது மூன்றாம் ஆண்டில் கைக்கு எட்டியிருக்கும். ஒரே வகுப்புக்குள் இருக்கிற இந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்துப் படிப்பவர்களுக்கு அது ஒரு ஆவணம்.

இனி மலரைப் பற்றி. இப்படிப்பட்ட மலர்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் தலைமையாசிரியர் வாழ்த்துரை, ரேங்க் எடுத்தவர் படம், 'மறக்க முடியுமா' என்று ஒரு கவிதை. உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஆளுக்கு ஐந்து வரி வாங்குங்கள். வயலில் இருந்தேன், அத்தை வீட்டில் இருந்தேன், ஃப்ரீ ஃபயர் ஆடினேன், பாட்டி செத்துப்போனாள், மெடிக்கல் ஷாப்பில் நின்றேன். எது வந்தாலும் திருத்தாமல் போடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது அழிக்காமல் வைத்திருந்தால், பழைய குரல்பதிவு ஒன்றிரண்டை எழுத்தில் பெயர்த்துப் போடுங்கள். இடையில் சேவல் கூவுகிற என் பதிவுகள் உட்பட.

தேர்வுக்கு வராத முப்பதாயிரம் பேரில் உங்கள் பள்ளிக்காரர்களும் இருப்பார்கள். தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் ஏறிய பிறகு வராமல் போனவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால், பிளஸ் ஒன்னில் சேராமலே நழுவியவர்களும், சேர்ந்து பள்ளி திறந்தபோது வராதவர்களும் உண்டு. மலரில் அவர்களை விட்டுவிட்டால் அது ஜெயித்தவர்கள் மலராகிவிடும், உங்கள் செட்டின் மலராகாது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோ வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் எடுத்துவிடுவார்கள், அதனால் ஊரடங்குக்கு முன்பே உங்கள் படமும் எடுக்கப்பட்டிருக்கும். அதையும் பிளஸ் டூ குரூப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்களில் வேறு பள்ளிக்குப் போனவர்களைக் கழித்தால் மீதி கிடைத்துவிடும். அவர்களில் பலர் இப்போது உங்களைவிட நன்றாகச் சம்பாதிப்பார்கள், ஆகவே பரிதாபத் தொனியில் போய்க் கேட்காதீர்கள். மற்றவர்களிடம் கேட்ட அதே ஐந்து வரியைக் கேளுங்கள். போட்டோ யாரிடமும் இல்லாவிட்டால் எடுத்த ஸ்டுடியோவில் கேளுங்கள், பெரும்பாலும் ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மட்டும் போகாதீர்கள், அவருக்கு அப்போது ஃப்ரேம் வேலை குவிந்திருக்கும்.